தோல்வியே பாக்காத டீமோட மேட்ச், பொண்ணு போகமாட்டேங்கிறா: என்ன பண்ணலாம்?

அண்ணா, உங்க கேள்வியை ரெண்டு தடவை படிச்சேன். மெல்பர்ன்ல பொண்ணு அண்டர் 16 கேர்ள்ஸ் டீம்ல ஃபுட்டி, அதாவது ஆஸ்திரேலியன் ரூல்ஸ் ஃபுட்பால் ஆடுறா, டீம்ல பாதிப் பேர் இந்த வருஷம்தான் அந்த முட்டை ஷேப் பந்தையே கையில பிடிச்சவங்க, வர்ற ஞாயித்துக்கிழமை சீசன் முழுக்க ஒண்ணுகூட தோக்காத டீமோட மோதல், போன ரவுண்டுல அவங்ககிட்ட 74 பாயின்ட் வித்தியாசத்துல வாங்கிக் கட்டிக்கிட்டீங்க, இப்ப பொண்ணு வயித்து வலின்னு சாக்கு சொல்றா, ஜெயிக்க எதாச்சும் வழி இருக்கா இல்ல பேசாம வீட்லயே இருக்கச் சொல்லிடலாமான்னு கேட்டிருக்கீங்க.

ஒளிவுமறைவு இல்லாம சொல்லிடறேன், ஜெயிக்கறது ரொம்பக் கஷ்டம். ஆனா 74-ஐ 25-ஆ குறைக்கலாம், அது நடக்கற காரியம்தான். நான் மெல்பர்ன் மேற்குப் பக்கம் ஒரு லோக்கல் கிளப்ல ஆறு வருஷமா கேர்ள்ஸ் டீம் கூடவே இருக்கேன், முதல்ல தண்ணி பாட்டில் தூக்கினேன், அப்புறம் டைம்கீப்பர், இப்ப அசிஸ்டன்ட் கோச். நானும் மதுரையில கிரிக்கெட்டைத் தவிர ஒண்ணும் தெரியாம வளந்தவன்தான், இந்த ஆட்டம் புரியவே எனக்கு ஒன்றரை வருஷம் ஆச்சு. அதனால தெரிஞ்சதைக் கொஞ்சம் நீளமாவே சொல்றேன், பொறுமையா படிங்க.

மொதல்ல அந்த 74 எப்படி வந்துச்சுன்னு பாக்கணும். நடு ரெண்டு கம்பத்துக்குள்ள கால்ல அடிச்சா கோல், 6 பாயின்ட். ஓரக் கம்பத்துக்குள்ள போனா பிஹைண்ட், 1 பாயின்ட். அப்ப 74-னா கிட்டத்தட்ட பன்னெண்டு கோல் வித்தியாசம். அவங்க பன்னெண்டு மடங்கு நல்ல டீம்னு இதுக்கு அர்த்தம் இல்ல. சாக்கர்ல கோல் வாங்கின டீம்தான் அடுத்து நடுவுல இருந்து பந்தை எடுத்து ஆரம்பிப்பாங்க, பாஸ்கெட்பால்லயும் அப்படித்தான். ஃபுட்டியில அந்தச் சலுகையே கிடையாது. கோல் விழுந்ததும் பந்து நடுவுக்குப் போகும், அம்பயர் மேல தூக்கிப் போடுவாரு, ரெண்டு டீமோட ரக், அதாவது உயரமான பொண்ணுங்க, எகிறித் தட்டுவாங்க. எந்த டீம் ரக்கும் மிட்ஃபீல்டும் பலமோ அவங்களுக்கே திரும்பத் திரும்பப் பந்து. ஒரு கோல் அடிச்சவங்க மூணு நிமிஷத்துல இன்னொண்ணு, அப்புறம் இன்னொண்ணு. உங்க ஃபார்வர்ட் லைன்ல நிக்கிற பிள்ளைங்க பந்தையே பாக்காம குளிர்ல கையைத் தேச்சுக்கிட்டு நிப்பாங்க. மேட்சை நெனச்சுப் பாருங்க, அந்த பன்னெண்டு கோலும் சீரா வந்திருக்காது, ரெண்டு மூணு பத்து நிமிஷத்துல கொத்துக் கொத்தா வந்திருக்கும்.

அதனால பலமான டீமை எதிர்த்து நிக்கிற சின்ன டீமுக்கு எனக்குத் தெரிஞ்சு ஒரே வழிதான், ஆட்டத்தைச் சின்னதாக்கணும். பந்து ஓடவே கூடாது. அவங்களுக்குத் திறந்த மைதானம் வேணும், நமக்கு கும்பல் வேணும். பஸ் ஸ்டாண்ட் கூட்டத்துல ஓட்டப்பந்தய வீரனும் நம்ம வேகத்துலதானே நடந்தாகணும், அந்தக் கணக்கு.

இது என் சொந்தச் சரக்கு இல்ல, பெரிய பொண்ணுங்க ஆட்டத்துலயே நடந்ததுதான். 2022 நவம்பர்ல ஏ.எஃப்.எல்.டபிள்யூ, அதாவது பெண்களுக்கான தேசிய ஃபுட்டி லீக்கோட கிராண்ட் ஃபைனல், பிரிஸ்பேன் லயன்ஸ் அவங்க சொந்த மைதானம் ஸ்ப்ரிங்ஃபீல்டுல ஆடுறாங்க, எதிர்ல மெல்பர்ன். ஸ்கோர் என்ன தெரியுமா, 17-13. மொத்த ஆட்டத்துல ரெண்டு டீமுக்கும் ஆளுக்கு ரெண்டே கோல். மெல்பர்ன் கப்பைத் தூக்கினாங்க. 2018 ஃபைனல்ல கொட்டுற மழையில வெஸ்டர்ன் புல்டாக்ஸ் அதே பிரிஸ்பேனை 27-21-னு ஜெயிச்சாங்க. 2017-ல, முதல் சீசன்லயே, பிரிஸ்பேன் லீக் ஆட்டத்துல ஒண்ணுகூட தோக்காம ஃபைனலுக்கு வந்தாங்க, அடிலெய்ட் 35-29-னு ஒரே ஒரு கோல் வித்தியாசத்துல கப்பைத் தட்டிட்டுப் போயிட்டாங்க. (அந்த ஃபைனல் கப்பா ஸ்டேடியத்துல நடந்திருக்க வேண்டியது, அங்க நடந்த ஒரு கச்சேரியில புல்தரை வீணாப் போயி கோல்ட் கோஸ்ட்டுக்கு மாத்தினாங்க. பாவம் பிரிஸ்பேன், எந்த ஃபைனலைச் சொன்னாலும் அவங்க பேரு வந்துடுது.) ஸ்கோர் குறைவா இருக்கற வரைக்கும் யாரும் ஜெயிக்கலாம்ங்கறதுக்காகத்தான் இதெல்லாம் சொல்றேன். பாதி ஆட்டம் முடியறப்ப 20-12-னு இருந்தா தோல்வியே பாக்காத டீம்தான் முதல்ல பதறும், ஏன்னா அவங்களுக்கு அந்த நெலமை பழக்கமே இல்ல.

சரி, எப்படிச் சின்னதாக்கறது. உங்க கோச்சுக்கு இதெல்லாம் தெரிஞ்சிருக்கும், நீங்க போயி அவருக்குப் பாடம் எடுக்க வேணாம். ஆனா பொண்ணுகிட்ட பேசறதுக்கு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும்.

நடு பவுன்ஸ்ல, அதாவது அம்பயர் நடுவுல பந்தைத் தூக்கிப் போடறப்ப, அவங்க ரக் உயரமா இருந்தா தட்டுறதுல நீங்க ஜெயிக்க முடியாது, அதை விட்டுடுங்க. அவ எந்தப் பக்கம் தட்டுறான்னு பாருங்க. பதினஞ்சு வயசுப் பொண்ணு பெரும்பாலும் ஒரே பக்கம்தான் தட்டுவா, வலது கைக்கு வாகான பக்கம். அங்க நம்ம பொண்ணு ஒருத்தி முன்கூட்டியே நின்னா பாதிப் பந்து நமக்கு. எங்க டீம்ல போன வருஷம் ஒரு சின்னப் பொண்ணு, உயரம் அஞ்சடிகூட இருக்காது, இதை மட்டும்தான் செஞ்சா, எதிர் டீம் கோச் பிரேக்ல வந்து அவ பேரைக் கேட்டுட்டுப் போனாரு.

அதைவிட முக்கியம் எங்க நிக்கிறதுங்கறது. புதுசா ஆடுற பிள்ளைங்க எல்லாரும் பந்தைச் சுத்தி ஈ மாதிரி மொய்ப்பாங்க, பந்து வெளிய போனதும் பின்னால ஒரு ஆளும் இருக்காது. "கோல் சைட்"னு கோச் கத்துறது இதுக்குத்தான். எதிராளிக்கும் நம்ம கோலுக்கும் நடுவுல நிக்கணும். பந்து கிடைக்கலைன்னாலும் பரவால்ல, அவ வெளிய ஓடும்போது நம்மளத் தாண்டித்தான் போகணும். இது ஒண்ணை மட்டும் நாலு குவார்ட்டரும் ஒழுங்காச் செஞ்சா நாலஞ்சு கோல் தானா குறையும், நான் கண்ணால பாத்தது.

அப்புறம் டேக்கிள். கிக் அடிக்க வருஷக்கணக்கா பழகணும், ஓடிக்கிட்டே மார்க் பிடிக்கிறது, அதாவது கிக் அடிச்ச பந்தை கீழ விழாம பிடிக்கிறது, அதைவிடக் கஷ்டம், ஆனா டேக்கிள் மூணே வாரத்துல வரும். உங்களுக்குப் புரியற மாதிரி சொன்னா நம்ம கபடி பிடிதான், ஆனா தோளுக்குக் கீழ முட்டிக்கு மேல மட்டும், சுழட்டித் தரையில எறியவே கூடாது, முதுகுல தள்ளினா ஃப்ரீ கிக். பந்தோட ஓட நேரம் இருந்தும் விடாம வச்சிருந்தவளை நீங்க பிடிச்சுட்டா "ஹோல்டிங் தி பால்", பந்து உங்களுக்கு. அவளுக்கு நேரமே கிடைக்கலைன்னா அம்பயர் மறுபடி பந்தைத் தூக்கிப் போடுவாரு, அதுவும் நமக்கு லாபம்தான், ஏன்னா ஆட்டம் அங்கயே நின்னுடுச்சு, முப்பது செகண்ட் போயிடுச்சு, நம்ம ஆளுங்க மூச்சு வாங்கிட்டு இடத்துக்கு வந்துட்டாங்க. தோக்காத டீம் பிள்ளைங்களுக்கு இப்படி ஒட்டிக்கிட்டே இருக்கற ஆளைக் கண்டா எரிச்சல் வரும். எரிச்சல் வந்தா ஃப்ரீ கிக் கொடுப்பாங்க.

பின்னால ஒரு ஆளை எக்ஸ்ட்ராவா போடறதைப் பத்தியும் சொல்லணும். அவங்ககிட்ட கண்டிப்பா ஒரு பொண்ணு இருப்பா, போன தடவை அஞ்சாறு கோல் அடிச்சவ. அவளுக்கு ஒரு ஆள் பின்னாடி, இன்னொரு ஆள் அவ முன்னாடி பந்து விழற இடத்துல. இதுக்கு விலை இருக்கு, நம்ம முன்பக்கம் ஒரு ஆள் குறையும், பந்தை வெளிய அடிச்சா பிடிக்க ஆள் இல்லாம அது பூமராங் மாதிரி திரும்பி வரும். அதனால முன்னாடி டீம்லயே வேகமா ஓடுற ரெண்டு பேரை மட்டும் விட்டு வைக்கணும்னு நான் சொல்வேன், கோச்சுங்க பாதிப் பேர் ஒத்துக்க மாட்டாங்க. இன்னொண்ணு, ஏ.எஃப்.எல்.டபிள்யூல மைதானத்துல ஒரு டீமுக்கு 16 பேர்தான், ஆண்கள்ல 18, அதுலயும் சென்டர் பவுன்ஸ் நேரத்துல அஞ்சு பேர் முன்னாடி ஆறு பேர் நடுவுல அஞ்சு பேர் பின்னாடின்னு நின்னாகணும், பந்து கிளம்பினப்புறம்தான் இஷ்டத்துக்கு நகரலாம். ஜூனியர் லீக்ல எத்தனை பேர், யார் எங்க நிக்கணும்ங்கறது ஒவ்வொரு எடத்துல ஒவ்வொரு மாதிரி, கோச்கிட்ட கேட்டுக்கோங்க.

புது டீம் அதிகமா கோல் வாங்குறது எங்க தெரியுமா, பந்து தங்களோட கையில இருக்கறப்ப. நெசமாத்தான். எதிர் டீம் பிஹைண்ட் அடிச்சா நம்ம டிஃபெண்டர் கோல் வாசல்ல இருந்து கிக்-இன் அடிக்கணும், பதட்டத்துல நேரா நடுவுல அடிப்பா, அங்க எதிராளி நிப்பா, மார்க் பிடிப்பா, அடுத்த கிக் கோல். ஒரு பாயின்ட்டோட போயிருக்க வேண்டியது ஏழு பாயின்ட்டா ஆயிடும். நடுவுல அடிக்காத, ஓரமா பவுண்டரி பக்கம் உயரமா நீளமா அடி, அங்க நம்ம உயரமான ஆளுங்க ரெண்டு பேர் போய் நில்லுங்க, பிடிக்க முடியலைன்னா கோட்டைத் தாண்டித் தட்டி விடுங்க. பாக்க அசிங்கமா இருக்கும், ஆனா கோல் விழாது. கவனம், ஏ.எஃப்.எல்.டபிள்யூல ரெண்டு பக்கமும் கோல்ல இருந்து 50 மீட்டர்ல போட்டிருக்கற வளைவுக் கோட்டுக்கு நடுவுல கிக்கோ ஹேண்ட்பாலோ (கையால குத்தி அனுப்பறது) யார் மேலயும் படாம நேரா வெளிய போனா எதிர் டீமுக்கு ஃப்ரீ கிக். உங்க லீக்ல அந்த ரூல் இருந்தா கண்ணை மூடிக்கிட்டு வெளிய அடிக்கக் கூடாது.

காத்து. மெல்பர்ன் குளிர்காலக் காத்து பத்தி உங்களுக்கு நான் சொல்லணுமா. லோக்கல் மைதானத்துல பெரும்பாலும் ஒரு பக்கம்தான் கோல் விழும். காத்து எதிர்ல இருக்கற குவார்ட்டர்ல ஜெயிக்கப் பாக்காதீங்க, பந்தை ஓரத்துலயே போட்டு நேரத்தை ஓட்டுங்க. காத்து நம்ம பக்கம் இருக்கறப்ப தூரத்துல இருந்தே அடிச்சுப் பாருங்க.

எங்க டீம் கதை ஒண்ணு. நாலு வருஷம் முன்னாடி ஒரு டீம்கிட்ட 92 பாயின்ட்ல தோத்தோம், நாங்க எடுத்தது மொத்தமே ரெண்டு பிஹைண்ட். டிரெஸ்ஸிங் ரூம்ல நாலு பொண்ணுங்க அழுதாங்க, ஒரு பொண்ணு அழாம ஷூ லேஸை அவுத்து அவுத்துக் கட்டிக்கிட்டே இருந்தா, எனக்கு அதுதான் அதிகமா வலிச்சுது. அடுத்த தடவை அதே டீம். எங்க ஹெட் கோச், அந்தம்மா ஸ்கூல்ல பி.டி. டீச்சர், ஸ்கோரை யாரும் பாக்கக் கூடாதுன்னு சொல்லிட்டு ஒவ்வொரு குவார்ட்டருக்கும் ஒரே ஒரு வேலை கொடுத்தாங்க. முதல் குவார்ட்டர் பன்னெண்டு டேக்கிள். ரெண்டாவதுல கோல் வாசல்ல இருந்து ஒரு பந்துகூட நடுவுல போகக் கூடாது. மூணாவதுல, எல்லாரும் கத்தணும். ஆமா, கத்தறதுதான் வேலை. "மேன் ஆன்" (பின்னால ஆள் வருது), "டர்ன்" (திரும்பு), "யூ காட் டைம்" இந்த மூணும் வாய்ல இருந்து வந்துக்கிட்டே இருக்கணும், ஏன்னா பந்து கையில இருக்கறவளுக்கு முதுகுல கண்ணு கிடையாது. நம்ம வீட்டுப் பொண்ணுங்களுக்கு இதுதான் அதிகம் கஷ்டம், சத்தம் போட்டுப் பேசாத, மெதுவா பேசுன்னு சொல்லிச் சொல்லி வளத்துட்டு திடீர்னு மைதானத்துல கத்துன்னா எப்படி வரும். என் பொண்ணுக்கு ஒரு சீசன் ஆச்சு, இப்ப வீட்லயும் நிறுத்த மாட்டேங்கிறா, அது வேற விஷயம். கடைசிக் குவார்ட்டர்ல வேலையே இல்ல, போய் ஆடுங்கன்னு விட்டுட்டாங்க. 19 பாயின்ட்ல தோத்தோம். கப் வாங்கின மாதிரி கட்டிப்பிடிச்சுக் குதிச்சாங்க, எதிர் டீம் பொண்ணுங்க ஜெயிச்சுட்டு முழிச்சுக்கிட்டு நின்னாங்க.

அந்த டீம்ல நெட்பால்ல இருந்து வந்த ஒரு உயரமான பொண்ணு, பந்தைத் தலைக்கு மேல அழகாப் பிடிப்பா, பிடிச்சதும் அப்படியே சிலை மாதிரி நின்னுடுவா, நெட்பால்ல பந்தோட ஓடக் கூடாதுல்ல, அந்தப் பழக்கம். அவளை ஓட வைக்கப் போராடாம டிஃபென்ஸ்ல போட்டோம். வேற ஆட்டத்துல இருந்து வந்த பிள்ளைங்க உங்க டீம்லயும் இருப்பாங்க, அதை ஒரு குறையா நெனைக்காதீங்க. எரின் ஃபிலிப்ஸ்னு ஒரு பிளேயர், அவங்க அப்பா கிரெக் ஃபிலிப்ஸ் பெரிய ஃபுட்டி ஆளு, இருந்தும் பதிமூணு வயசுக்கு மேல பொண்ணுங்க ஆட வழியில்லாம அந்தப் பொண்ணு பாஸ்கெட்பாலுக்குப் போயி அமெரிக்காவுல ப்ரொஃபெஷனலா ஆடிட்டு, 2017-ல திரும்பி வந்து அடிலெய்ட் டீம்ல முதல் ஃபைனல்லயே பெஸ்ட் பிளேயர் வாங்கினாங்க. வழியில்லாமன்னு சொன்னேன்ல, விக்டோரியாவுல 2004-ல மூணு பொண்ணுங்க எங்களை ஏன் ஆட விடமாட்டேங்கிறீங்கன்னு ட்ரிப்யூனல் வரைக்கும் போனாங்க. அந்தக் கேஸுக்கு அப்புறம்தான் யூத் கேர்ள்ஸ் போட்டின்னு தனியா ஆரம்பிச்சாங்க. அந்த மூணு பேர்ல ஒருத்தங்க, பென்னி கூலா-ரீட், பின்னாடி காலிங்வுட்டுக்காக ஏ.எஃப்.எல்.டபிள்யூ ஆடினாங்க. உங்க பொண்ணு ஆடுற மாதிரி கேர்ள்ஸ் போட்டியெல்லாம் ஆரம்பிச்சே ரொம்ப வருஷம் ஆகலன்னு சொல்ல வர்றேன், அதனாலதான் டீமுக்கு டீம் இவ்வளவு ஏத்த இறக்கம். ஒரு கிளப்ல பிள்ளைங்க எட்டு வயசுல, ஆஸ்கிக்னு சின்னப் பிள்ளைங்களுக்கான ஃபுட்டி பயிற்சியில இருந்து ஒண்ணா ஆடியிருப்பாங்க, பக்கத்து கிளப்ல போன மாசம் வாட்ஸாப்ல ஆள் சேத்திருப்பாங்க, ரெண்டும் ஒரே டிவிஷன்ல மோதும்.

இந்த ஏத்த இறக்கம் மேலயும் உண்டு. சிட்னி ஸ்வான்ஸ் 2022-ல புதுசா வந்தாங்க, பத்து மேட்ச், பத்தும் தோல்வி. அடுத்த வருஷமே ஆறு ஜெயிச்சு, லீக் ஆட்டங்களுக்கு அப்புறம் வர்ற ஃபைனல்ஸ் சுற்றுக்குப் போனாங்க. ஆனா அவங்க காலிங்வுட்ல இருந்து க்ளோயி மொல்லாய் மாதிரி ஆளைக் கொண்டு வந்தாங்க, உங்களால அது முடியாது, அதனால அந்த உதாரணத்தை ரொம்ப நம்பாதீங்க. எனக்குப் பிடிச்சது போர்ட் அடிலெய்ட். அவங்களும் 2022-ல வந்தவங்கதான், முதல் சீசன்ல ஜெயிச்சது ஒண்ணே ஒண்ணு. கோச் லாரன் ஆர்னெல், தானே ஏ.எஃப்.எல்.டபிள்யூ ஆடிட்டு அதுல ஹெட் கோச் ஆன முதல் ஆள். சின்னப் பிள்ளைங்களை வச்சே கட்டினாங்க. 2024-ல ப்ரிலிமினரி ஃபைனல், அதாவது கிராண்ட் ஃபைனலுக்கு முந்தின ஆட்டம் வரைக்கும் போயிட்டாங்க. அங்க நார்த் மெல்பர்ன்கிட்ட நல்லா அடி வாங்கினாங்க, அந்த நார்த் அந்த வருஷம் ஒரு மேட்ச்கூட தோக்கல, ஒரு டிரா மட்டும்தான், ஃபைனல்ல பிரிஸ்பேனையே 39-9-னு சுருட்டிட்டாங்க. அப்படிப்பட்ட டீம்கிட்ட தோத்ததை யாரும் அசிங்கமாப் பேசல.

வயித்து வலி விஷயத்துக்கு வர்றேன். கட்டாயப்படுத்தாதீங்க, அதே சமயம் லீவும் நீங்களா கொடுத்துடாதீங்க. அவ போகலைன்னா டீம்ல ஒரு ஆள் குறையும், பெஞ்ச்ல மாத்த ஆள் இல்லாம மத்த பிள்ளைங்க கடைசிக் குவார்ட்டர்ல நாக்குத் தள்ளுவாங்க, அந்த அடியில பாதி அதனாலதான் வரும். இதை அவகிட்ட சொல்லலாம். எதுக்குப் பயம்னு தனியா கேளுங்க. தோக்கறதுக்கு பயமா, அடி படும்னு பயமா? ரெண்டாவதுன்னா அது நியாயமான பயம், அதுக்கு பதில் சொல்லணும். பொண்ணுங்களுக்கு முட்டியில ஏ.சி.எல்.ங்கற தசைநார் கிழியறது ஆண்களைவிட அதிகம். எரின் ஃபிலிப்ஸே 2019 ஃபைனல்ல, அம்பத்து மூவாயிரம் பேர் அடிலெய்ட் ஓவல்ல பாத்துக்கிட்டு இருக்கறப்ப, முட்டி போய் ஸ்ட்ரெச்சர்ல போனாங்க. ஏ.எஃப்.எல். ஆளுங்க லா ட்ரோப் யுனிவர்சிட்டி கூட சேந்து பொண்ணுங்களுக்குன்னே 'ப்ரெப் டு ப்ளே'ன்னு ஒரு வார்ம்-அப் பயிற்சி வச்சிருக்காங்க, குதிச்சா எப்படித் தரையில இறங்கணும், எப்படித் திரும்பணும், எப்படி விழணும்னு எல்லாம் அதுல இருக்கு. உங்க டீம் அதைச் செய்யுதான்னு கேளுங்க, செய்யலைன்னா அதைப் பத்தி கோச்கிட்ட பேசறது உங்க உரிமை. தலையில அடிபட்டா அதோட அன்னிக்கு ஆட்டம் முடிஞ்சுது, கன்கஷன்னு ஆனா லோக்கல் ஃபுட்டியில குறைஞ்சது 21 நாள் மேட்ச் கிடையாது, பொண்ணு நல்லா இருக்கேன்னு எவ்வளவு சொன்னாலும் சரி.

உங்களுக்கும் ஒண்ணு, கோவிச்சுக்காதீங்க. பவுண்டரி ஓரம் நின்னு அம்பயரைத் திட்டாதீங்க. அங்க விசில் வச்சிருக்கறது பல சமயம் பதினஞ்சு பதினாறு வயசுப் பையனோ பொண்ணோதான். வீட்டுக்கு வர்ற வழியில கார்ல மேட்சைப் பத்தி நீங்களா ஆரம்பிக்காதீங்க. நான் முதல் வருஷம் ஆரம்பிச்சேன், "அந்தப் பந்தை ஏன் விட்ட"ன்னு ஒரே ஒரு கேள்விதான், சன்ஷைன்ங்கற ஊர்ல இருந்து வீடு வரைக்கும் என் பொண்ணு ஜன்னலையே பாத்துக்கிட்டு வந்தா. இப்ப பசிக்குதான்னு மட்டும்தான் கேக்கறது, சாப்பிட்டு முடிச்சதும் அவளே ஆரம்பிச்சுடறா, அப்புறம் நிறுத்தறதுதான் கஷ்டம்.

ஞாயித்துக்கிழமை காலையில ஆரஞ்சுப் பழம் நறுக்கி எடுத்துட்டுப் போறது யார் முறைன்னு பாத்துக்கோங்க, மவுத்கார்டை மறந்துடாதீங்க, எங்க வீட்ல எப்பவும் அதைத் தேடித்தான் லேட் ஆகும். மேட்ச் முடிஞ்சதும் ஸ்கோர் என்னன்னு வந்து சொல்லுங்க. முப்பதுக்குள்ள இருந்தா கோச்சுக்கு என் சார்பா ஒரு காபி வாங்கிக் கொடுங்க.